ஏட்டில் ஏறிய சொல்: குற்றவியல் மேல்முறையீடும் தமிழ் வாய்மொழியும்



இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். இம்முறை நீதிமன்றத்தைப் பற்றிப் பேச நாம் முன்வந்தமை சிலருக்கு வியப்பளிக்கலாம். நாம் வழக்கறிஞர் அல்லோம். சட்டத்தின் நுணுக்கத்தைச் சட்டம் பயின்றோரே உரைத்தல் வேண்டும். எனினும், ஒரு மனிதன் வாய்விட்டுச் சொன்ன சொல் எவ்வாறு ஏட்டில் ஏறுகிறது, ஏறிய பின் அவனை எவ்வாறு கட்டுகிறது என்னும் வினா மொழியியலுக்கும் உரியதே. அவ்வினாவை நம்முள் எழுப்பியவர் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. அவரிடமிருந்தே தொடங்குகிறோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், தோட்டத் தமிழின் வினைத்திரிபுகளைப் பதிவு செய்வதற்காகச் சுங்கை சிப்புட்டுக்கும் கோலகங்சாருக்கும் இடைப்பட்ட ரப்பர்த் தோட்டங்களில் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நாம் அலைந்த காலம் ஒன்று உண்டு. அங்கே ஒரு லயத்து வாசலில் அம்முதியவரைக் கண்டோம். இளமையில், தம் நிரையில் பொறுக்கிய ஒட்டுப்பாலை அன்றே ஸ்டோரில் சேர்க்காமல் வீட்டில் வைத்திருந்தார் என்பதற்காக அவர்மீது திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டது. மறுநாள் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக இருந்தேன் என்பது அவர் கூற்று. அருகிலிருந்த நகரத்தில் நீதிமன்றம்; மொழிபெயர்ப்பாளர் ஒருவர்; பத்து நிமிட விசாரணை. அவர் நம்மிடம் சொன்னது இது: "எடுத்தியானு கேட்டாங்க, எடுத்தேங்கனு சொன்னேன். திருடுனியானு ஒருத்தரும் கேக்கல தம்பி."

ஒரு மாதச் சிறை. வேலை போயிற்று; வேலையோடு லயத்து வீடும் போயிற்று. மனைவியும் இரு குழந்தைகளும் உறவினர் வீட்டுத் திண்ணைக்குப் பெயர்ந்தனர். சங்கத்துக்காரர் ஒருவர் அப்பீல் செய்யலாம் என்று கிளம்பிப் போய், திரும்பி வந்து, "நீதான் ஒப்புக்கிட்டியே" என்றாராம். அன்று நாம் இலக்கண மாணவர். 'எடு: அகற்று, பெறு, பொறுக்கு, தூக்கு' என்று ஓர் அட்டையில் பொருள்வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றோம். அவ்வட்டை இன்றும் நம்மிடம் உள்ளது. வழக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மேல்முறையீடு என்னும் சொல்லை ஒரு கணம் நோக்குவோம். முறை என்பது நீதி. முறையிடுதல் என்பது நீதியை வேண்டி வாய்திறந்து கூறுதல். ஆராய்ச்சி மணியடித்த கதையிலிருந்து இன்றுவரை அச்சொல்லில் ஒரு குரல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இலங்கையார் மேன்முறையீடு என்பர், நம் நாளேடுகள் மேல்முறையீடு என்று எழுதுகின்றன, தோட்டத்தில் அப்பீல், மலாயில் ரயுவான். மலாய்ச் சொல்லின் அடி இரந்து கேட்பதையும் நயந்து பேசுவதையும் குறிப்பது. இவ்வளவு சொற்களிலும் குரல் இருக்க, நடைமுறையில் மட்டும் குரல் இல்லை. மேல்முறையீட்டு நீதிபதிகள் பெரும்பாலும் சாட்சிகளை மீண்டும் அழைத்துக் கேட்பதில்லை. கீழ் நீதிமன்றத்தின் குறிப்பேட்டைப் படிக்கின்றனர்; அதன்மேல் வழக்கறிஞர்களின் வாதத்தைக் கேட்கின்றனர். ஆகவே மேல்முறையீடு என்பது ஒரு வாசிப்பு. வாசிக்கப்படுவது தமிழன் பேசிய தமிழன்று; அத்தமிழைக் கேட்ட மொழிபெயர்ப்பாளர் சொன்னதை நீதிபதி எழுதிக்கொண்டது. நம் காலத்தின் முற்பகுதியில் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பின்னர் மலாய் அவ்விடத்தைப் பெற்றது.

குற்றத்தீர்ப்பும் தண்டனையும் வெவ்வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இவன் குற்றவாளி என்பது தீர்ப்பு. இத்தனை ஆண்டு, இத்தனை வெள்ளி என்பது தண்டனை. 'கேஸ் முடிஞ்சு போச்சு' என்று நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் பற்றியே மேல்முறையீடு செய்ய இயலும். குற்றவாளி என்ற தீர்ப்பை எதிர்க்க இயலாது என்பது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம். ஒப்புதல் தெளிவற்றதாக இருந்தால் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனை நீக்கியதும் உண்டு. ஆனால் தெளிவற்றது என்பதை எதைக் கொண்டு காட்டுவது? ஏட்டைக் கொண்டுதான். ஏட்டிலோ வழக்கமான வாய்பாடு ஒன்று இருக்கும்: குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது, தமிழில் விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார், ஒப்புக்கொண்டார், ஒப்புதலின் விளைவையும் அறிந்தார். ஐந்து வினைமுற்றுகள். அவற்றுள் எதையும் அவர் தம் வாயால் சொல்லியிருக்க வேண்டியதில்லை. 'ஆமாங்க' என்ற ஒன்றே போதும்.

இந்த 'ஆமாங்க' பற்றி ஒரு நூலே எழுதலாம். தோட்டத்தில் வளர்ந்தோர் அறிவர். பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிடும்போது சொல்வதும் 'ஆமாங்க', 'சரிங்க'. துரை திட்டும்போது சொல்வதும் அதுவே. நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது, நான் மரியாதையோடு நிற்கிறேன் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லாத இடங்கள் பல. கேட்டதை ஒத்துக்கொண்டேன் என்று அதனைப் பெயர்ப்பது, தும்மலைப் பேச்சாகப் பெயர்ப்பதற்கு ஒப்பு.

இனி நமக்குப் பழக்கமான துறைக்கு வருகிறோம். தமிழில் ஒரு பொருளை உடையவன் என்பதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு உள்ளது போன்ற தனி வினை இல்லை. 'எனக்கு இரண்டு பிள்ளைகள்' என்று நான்காம் வேற்றுமையால் சொல்கிறோம். 'என்னிடம் பணம் இருக்கிறது' என்று இடப்பொருளால் சொல்கிறோம். 'வைத்திருக்கிறேன்' என்று துணைவினை கூட்டியும் சொல்கிறோம். மூன்றும் ஒன்றல்ல. முதலாவது உறவையும் உரிமையையும் காட்டும். இரண்டாவது அப்பொருள் அப்போது இருந்த இடத்தை மட்டும் காட்டும். மூன்றாவதில் வைப்பவனின் செயல் தெரிகிறது. 'என்கிட்ட இருந்துச்சுங்க' என்று ஒருவர் கூண்டில் நின்று சொன்னால், பை அவர் அருகில் இருந்தது என்பது மட்டுமே அவர் சொன்னது. அவருடையதா, உள்ளே இருந்ததை அவர் அறிந்தாரா என்பன பற்றி அவ்வாக்கியம் வாய்திறக்கவில்லை. மலாயில் 'அடா பட சாயா' என்று பெயர்த்தால் ஏறத்தாழ அதே அளவு வரும். 'சாயா புன்யா' என்று பெயர்த்துவிட்டால் உரிமை கொண்டாடியதாகிவிடும். ஆங்கிலத்தில் உடைமை வினை தானாகவே வந்து அமர்ந்துகொள்ளும். சட்டத்திலோ ஒரு பொருளைக் கைவசம் வைத்திருத்தல் என்பதற்குப் பொருளின் மீது கட்டுப்பாடும் அதைப் பற்றிய அறிவும் வேண்டும். துப்பாக்கி வழக்குகளும் போதைப்பொருள் வழக்குகளும் இவ்வொரு கருத்தின் மீதே நிற்கின்றன.

சிலப்பதிகாரம் அறிந்தோருக்கு இது புதிதாகத் தோன்றாது. பாண்டியன் இட்ட கட்டளை ஒரு நிபந்தனையோடு கூடியது: சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் என்பதே அது. சிலம்பு கோவலன் கையில் இருந்தது; அவ்வளவே. யாருடைய சிலம்பு என்னும் வினா அவன் வெட்டுண்ட பிறகே அவைக்கு வந்தது. கொல்லும்பொருட்டுக் கொண்டுவருக எனக் கருதிய மன்னன் வாய்தவறிக் கொன்று கொண்டுவருக எனும் பொருள்படச் சொன்னான் என்று உரை மரபு கூறும். ஓர் எச்சத்தின் விகுதி மாறியதால் ஓர் உயிர் போயிற்று என்று உரையாசிரியர்கள் எண்ணியிருக்கிறார்கள் என்பதே நம் கவனத்துக்கு உரியது. கண்ணகி கொண்டுவந்ததும் மேல்முறையீடுதான். தண்டனை நிறைவேறிய பின் வந்த மேல்முறையீடு.

வேறு சில வடிவங்களும் உண்டு. 'வெட்டினேன்' என்பதும் 'வெட்டிட்டேன்' என்பதும் ஒன்றல்ல. விடு என்னும் துணைவினை செயல் முடிந்ததைக் காட்டும். பல இடங்களில் நினையாமல் நேர்ந்துவிட்டது, கைமீறிப் போயிற்று என்னும் குறிப்பையும் தரும். கொலைக் குற்றத்துக்கும் கொலையாகாத மரணக் குற்றத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. 2023 வரை அது கட்டாயத் தூக்குக்கும் சிறைக்கும் இடையிலான வேறுபாடாகவும் இருந்தது. அந்நோக்கத்தின் சாயலைத் தாங்கிய விடு மொழிபெயர்ப்பில் எங்கும் எஞ்சுவதில்லை. 'கொண்டாந்தானாம்' என்று ஒரு சாட்சி சொல்லும்போது, ஆம் என்ற இடைச்சொல் இதை நான் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று எச்சரிக்கிறது. கேள்விச் செய்தியைச் சான்றாக ஏற்கலாகாது என்பது சட்டத்தின் பொதுவிதி. தமிழ் அதனை ஓர் ஈற்றசையிலேயே செய்துவைத்திருக்கிறது. ஏட்டில் 'கொண்டுவந்தான்' என்று மட்டும் ஏறினால் கேட்டவர் கண்டவராகிவிடுவார்.

நாம், நாங்கள் என்னும் வேறுபாட்டில் மட்டும் மலாய் நமக்குத் துணை நிற்கிறது. கீத்தா, காமி என்று அதற்கும் இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டும் கலந்துவிடும். 'நாங்க போனோம்' என்றவர் யாரைச் சேர்த்தார், யாரை விலக்கினார் என்பது பொதுநோக்கத்தோடு பலர் கூடிச் செய்த குற்றம் எனப்படும் வழக்கில் சிறிய செய்தியன்று. (இவ்வுரையில் நம்மையே நாம் என்று சொல்லிக்கொள்வது மேடை வழக்கு. கூண்டில் நின்று இப்படிப் பேசினால் அவையில் உள்ள உங்கள் அனைவரையும் உடன் குற்றவாளிகளாக்கிய பழி நம்மைச் சேரும்.)

இவையெல்லாம் மொழிபெயர்ப்பாளர்மீது சாட்டும் குற்றம் அல்ல. காலையில் ஒரு நீதிமன்றம், பிற்பகலில் மற்றொன்று என்று ஓடி, எழுதிய பனுவல் கையில் இன்றி, கேட்ட நொடியிலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டிய தொழில் அது. நம்முள் யாரையேனும் அங்கே நிறுத்தினால் ஒரு மணி நேரம் தாங்கமாட்டோம். நாம் காட்ட விரும்புவது வேறொன்று. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் உண்மை பற்றிய முடிவுகளில், சிறப்பாகச் சாட்சி நம்பத்தக்கவரா என்பதில், எளிதில் தலையிடுவதில்லை. அதற்கு அவை கூறும் காரணம் நியாயமானதே: விசாரணை நீதிபதி சாட்சியை நேரில் கண்டார், கேட்டார், நாங்கள் தாளைத்தான் காண்கிறோம். ஆனால் சாட்சி தமிழில் பேசி, நீதிபதி தமிழ் அறியாதவராக இருந்தால், கண்டார் என்பது உண்மை. கேட்டார் என்பது பாதி உண்மை. குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டிருப்பார். சொல்லை மொழிபெயர்ப்பாளரிடமிருந்தே கேட்டார். தயக்கம் சாட்சியினுடையதா, சரியான சொல்லைத் தேடிய மொழிபெயர்ப்பாளருடையதா என்பதை அவர் எங்ஙனம் பிரித்தறிவார்? கண்டும் கேட்டும் அறிந்தவர் என்னும் பெருமதிப்பை இத்தகைய வழக்குகளில் மேல் நீதிமன்றங்கள் சற்றுக் குறைத்தே அளித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. சட்டமறிந்தோர் மறுக்கலாம், மறுப்பைக் கேட்க அணியமாக இருக்கிறோம்.

பேராக்கின் வரலாற்றில் மேல்முறையீடு உயிர்ப்போராட்டமாக இருந்த காலம் ஒன்றுண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்டத்துரைகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவசரகால விதிகளின்படி உரிமமின்றித் துப்பாக்கி ஏந்தியவருக்குத் தூக்கு. ஏந்தினாரா, கைவசம் இருந்ததா என்ற ஒரே வினைச்சொல்லில் உயிர் தொங்கிற்று.

தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மார்ச்சில் கைதானார். மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கியைக் கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்தார் என்பது அவர் தரப்பு. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. கைதுக்கும் கயிற்றுக்கும் இடையே இரண்டு மாதம். இந்தியாவிலிருந்து எழுந்த வேண்டுகோள்களும் பயன் தரவில்லை.

சாம்பசிவம் வழக்கு வேறு வகையாக முடிந்தது. அது ஜொகூரைச் சேர்ந்தது. எனினும் இங்கே சொல்லாமல் விடலாகாது. துப்பாக்கி ஏந்தியதாக ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் வைத்திருந்ததாக மற்றொன்று. அக்காலத்தில் நீதிபதிக்குத் துணையாக அசெசர்கள் எனப்படும் இருவர் அமர்ந்து கருத்துரைப்பர். முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டில் அசெசர்களோடு நீதிபதி உடன்படாமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். மறுவிசாரணையில் அவர் அளித்ததாகப் பதிவான வாக்குமூலம் ஒன்று சான்றாக வைக்கப்பட்டது. துப்பாக்கி, தோட்டா இரண்டும் இருந்தன என்றது அது. தோட்டா பற்றி அவர் ஏற்கெனவே விடுதலை பெற்றவர் என்பது புதிய அசெசர்களுக்குச் சொல்லப்படவில்லை. தூக்குத் தண்டனை, மேல்முறையீடும் தோல்வி. வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. விடுதலைத் தீர்ப்பு அதே தரப்பினரிடையே பின்னர் வரும் எல்லா நடவடிக்கைகளையும் கட்டுப்படுத்தும். ஆகவே வாக்குமூலத்தில் தோட்டா பற்றிய பகுதி உண்மையன்று என்று கொண்டே மீதியை எடைபோட்டிருக்க வேண்டும் என்று மக்டெர்மட் பிரபு 1950-இல் வழங்கிய தீர்ப்பு கூறிற்று. தண்டனை நீக்கப்பட்டது. சாம்பசிவம் என்ற பெயர் இன்றும் காமன்வெல்த் நாடுகளின் சட்ட நூல்களில் வாழ்கிறது. மலாயாத் தமிழர் ஒருவரின் பெயர் இவ்வளவு தொலைவு சென்றதை நம் பள்ளிப் பாடநூல் எதிலும் நாம் கண்டதில்லை.

அவரைக் காத்தது எது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோம். அவர் இரண்டாம் முறை கூண்டில் நின்று சொன்னது எதுவும் அன்று. முதல் விசாரணையின் ஏட்டில் 'குற்றவாளி அல்லர்' என்ற ஒரு வரி அழியாமல் இருந்தது. அதைத்தான் லண்டனில் வாசித்தனர்.

ஈப்போவுக்கு வருவோம். 1952-இல் இந்நகர உயர் நீதிமன்றத்தில் லீ மெங் என்னும் இளம்பெண் கைகுண்டு வைத்திருந்ததாக விசாரிக்கப்பட்டார். அவருக்காக வாதாடியவர் சீனிவாசகம் சகோதரர்களுள் மூத்தவரான எஸ்.பி. சீனிவாசகம். முதல் விசாரணையில் அசெசர்கள் இருவரும் குற்றமில்லை என்றனர், நீதிபதி உடன்படவில்லை, மறுவிசாரணை. அதில் அசெசர்கள் இருவேறாகப் பிரிந்தனர். குற்றம் என்றவர் ஐரோப்பியர்; அவரோடு நீதிபதி உடன்பட்டார். தூக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தது. பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. 1953 மார்ச்சில் பேராக் சுல்தான் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். நீதிமன்றப் படிகள் எல்லாம் ஏறி முடிந்த பின் கருணை வந்தது. டி.ஆர். சீனிவாசகம் பெயரிலுள்ள ஈப்போப் பூங்காவில் மாலையில் நடப்போருள் அவருடைய தமையனார் வாதாடிய இவ்வழக்கை அறிந்தோர் எத்தனை பேரோ.

பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் குற்றவியல் மேல்முறையீடு 1978-இல் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994-இல் உருவானது. இன்று கூட்டரசு நீதிமன்றமே முடிந்த முடிவு.

அண்மைக் காலத்தில் இந்நகரத்தைக் கலங்கச் செய்த வழக்கு ஒன்றைச் சொல்லாமல் இவ்வுரை முடியாது. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் தம் 21-ஆம் வயதில் சிங்கப்பூருக்குள் 42.72 கிராம் ஹெராயினுடன் நுழைகையில் பிடிபட்டார். அங்கே 15 கிராமுக்கு மேற்பட்டால் தூக்கு. 2010-இல் தண்டனை, 2011-இல் மேல்முறையீடு தள்ளுபடி. பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டு, பொருளைச் சுமந்து சென்றவராக மட்டும் இருந்து, மனநிலைக் குறைபாட்டால் பொறுப்புணர்வு பெரிதும் குன்றியவருக்கு ஆயுள் தண்டனை விதிக்க இடமளிக்கப்பட்டது. அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என மதிப்பிடப்பட்டிருந்தது. 2017-இலும் 2019-இலும் நீதிமன்றங்கள் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. தாம் செய்வது இன்னதென்று அவர் அறிந்திருந்தார் என்று முடிவு செய்தன. 2021 நவம்பரில் தூக்குக்கு முதல் நாள் அவருக்குக் கோவிட் தொற்று, நிறைவேற்றம் தள்ளிப்போயிற்று. 2022 மார்ச் 29 அன்று இறுதி மேல்முறையீடும் தள்ளுபடி. ஏப்ரல் 26 அன்று அவருடைய தாயார் தொடுத்த மனுவும் தள்ளுபடி. மறுநாள் விடியலில் தண்டனை நிறைவேறியது.

இவ்வழக்கில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்தது என்று நாம் கூறவில்லை. அதற்குச் சான்று நம்மிடம் இல்லை. ஆனால் ஒரு மனிதன் அறிந்திருந்தானா என்பதை எந்தச் சொற்களைக் கொண்டு கண்டோம் என்னும் வினா இங்கும் நம்மை விடவில்லை. 'தெரியும்', 'புரியும்' என்னும் நம் வினைகளுக்கு எழுவாய் கிடையாது. எனக்குத் தெரியும் என்று அறிவு நம்மிடம் வந்து சேர்வதாகவே சொல்கிறோம். சட்டம் கேட்பதோ அறிவைத் தன் செயலாகக் கொண்ட ஒருவனை. ஏப்ரல் 26-இன் விசாரணை முடிந்தபின், கண்ணாடித் தடுப்பின் இடைவெளியில் குடும்பத்தினரின் கைகளைப் பற்றிக்கொண்டு அவர் 'மா' என்று கதறியதை அங்கிருந்த செய்தியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்த மேல்முறையீட்டு ஏட்டிலும் அவ்வோரெழுத்து ஏறியிராது.

நம் நாட்டில் 2023 ஜூலை 4 முதல் கட்டாயத் தூக்கு நீங்கியது. தூக்கோ எஞ்சிய வாழ்நாள் முழுதும் சிறையோ விதிக்கப்பட்டு எல்லா மேல்முறையீட்டு வழிகளும் முடிந்தவர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், தண்டனையை மறுபரிசீலனை செய்யுமாறு கூட்டரசு நீதிமன்றத்தை அணுகத் தற்காலிகச் சட்டம் ஒன்று வழி செய்தது. பலருடைய தூக்கு 30 ஆண்டுச் சிறையாயிற்று. குறைந்தது தண்டனை, குற்றத்தீர்ப்பு நின்றது நின்றபடி. நாம் முன்னர்ச் சொன்ன வேறுபாட்டை இங்கே நினைவூட்டுகிறோம். எண்பதுகளில் நாம் கண்ட முதியவர் கேட்டது தண்டனைக் குறைப்பை அன்று. தாம் திருடர் அல்லர் என்ற சொல்லையே.

நடைமுறைச் செய்திகள் சிலவற்றை இம்மேடையில் சொல்வது தகும். மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்புகளை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் முறையிட 14 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சிறையில் இருப்பவர் சிறைப் பொறுப்பு அதிகாரியிடம் வாய்மொழியாகவே மேல்முறையீட்டு அறிவிப்பையும் அதற்கான காரணங்களையும் கூறலாம். எழுதத் தெரியாதவருக்கும் வழக்கறிஞர் வைக்க வசதியற்றவருக்கும் சட்டம் திறந்துவைத்த சிறுகதவு அது. அதனை அறிந்தோர் குறைவு. மேல்முறையீடு செய்துவிட்டதாலேயே சிறைத்தண்டனை நின்றுவிடாது. பிரம்படி மட்டும் முடிவுவரை நிறுத்திவைக்கப்படும்.

இன்னொன்று. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளாக நம் நீதிமன்றங்களில் விசாரணைகள் ஒலியும் ஒளியுமாகப் பதிவாகின்றன. நீதிபதியின் கைக்குறிப்பு மட்டுமே ஏடாக இருந்த காலம் மாறிவருகிறது. சாட்சி பேசிய தமிழ் இப்போது எங்கோ ஒரு பதிவில் இருக்கிறது. எழுத்தாக்கம் செய்வோர் மொழிபெயர்ப்பை எழுதுகின்றனர். தமிழ்ப் பகுதியை யாரும் எழுத்தாக்குவதில்லை. மேல்முறையீட்டில் ஐயம் எழுந்தால் அத்தமிழை மீளக் கேட்டு எழுத்தாக்கித் தரவல்ல தகுதியாளர் சிலரைப் பயிற்றுவித்து, பெயர்ப்பட்டியலாக நீதித்துறைக்கு அளிக்க இம்மன்றம் முன்வருதல் வேண்டும். அதற்கான பாடத்திட்ட வரைவு ஒன்றைச் செயலாளரிடம் இன்று ஒப்படைத்துள்ளோம்.

அதோடு, குற்றச்சாட்டை வாசித்த பின் கேட்க வேண்டிய வினாக்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதினோம். 'இக்குற்றச்சாட்டு உங்களுக்கு விளங்கியதா? விளங்கியதை உங்கள் சொற்களில் கூறுங்கள். இக்குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா? ஒப்புக்கொண்டால் குற்றவாளி என்ற தீர்ப்பை எதிர்த்துப் பின்னர் மேல்முறையீடு செய்ய இயலாது என்பதை அறிவீர்களா?' இலக்கணப் பிழை இல்லாத தாள். சென்ற மாதம், தோட்டம் துண்டாடப்பட்ட பின்னும் பழைய லயத்தை அடுத்த குடியிருப்பில் வாழும் எண்பது வயது அம்மையார் ஒருவருக்கு அதைப் படித்துக் காட்டினோம். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிங்க தம்பி" என்றார். விளங்கியதா என்று மீண்டும் கேட்டோம். சிரித்தார். "ஒப்புக்கிறீங்களானு அவ்ளோ பெரிய எடத்துல கேட்டா ஆமாங்கனுதான் வாயில வரும். என்ன நடந்துச்சுனு மொதல்ல கேக்கச் சொல்லு. அப்புறம், நீ செஞ்சியா இல்லியானு கேக்கச் சொல்லு" என்றார்.

தாளில் முதல் வினாவை அவர் சொன்னவாறே மாற்றியிருக்கிறோம்.